டங்டுட் பாட்டும் நான் கூட்டிய பேஸும்

மிக்சரும் நாலு ஸ்பீக்கரும் வாங்கிவிட்டால் சவுண்ட்காரன் ஆகிவிடலாம் என்று நினைக்கிறவர்கள் இதைப் படிக்கட்டும். நானும் அப்படி நினைத்தவன்தான்.

1. சிடி

இரண்டாயிரங்களின் நடுப்பகுதி. நாங்கள் புலம்பெயர்ந்து வந்த நகரத்தில், செயின்ட்-மிஷேல் பகுதியில் ஒரு கலியாண மண்டபம். பெண் யாழ்ப்பாணத்துச் சுமதி, மாப்பிள்ளை இந்தோனேசியாக்காரர் ஹர்யோ. இருவரும் செயின்ட்-லோரன்டில் ஒரே வெயார்ஹவுசில் பெட்டி கட்டியவர்கள். சுமதியின் தகப்பனுக்கு இதில் அரை மனம்தான். முன்வரிசையில் 'உம்' என்று இருந்தார்.

மாப்பிள்ளையின் தாய்க்கு விசா கிடைக்கவில்லை. மகன் மேடையில் பாட, அவர் போனில் கேட்பதாக ஏற்பாடு. இசை மட்டும் இருந்த சிடியை ஹர்யோ என்னிடம் தந்தார்.

"என்ன பாட்டு?"

"டங்டுட், அண்ணை. எங்கடை நாட்டுப் பாட்டு," என்றார், சுமதியிடம் பழகிய தமிழில்.

போட்டுப் பார்த்தேன். தபேலா மாதிரி ஒரு அடி. அட, எங்கடை பெடியள் ஆட நல்ல சாமான் என்று முடிவு கட்டினேன். என்ன சொல்லுகிற பாட்டு என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் வாய் தேய்ந்தா போயிருக்கும்?

2. பேஸ்

ஹர்யோ பாட வாயைத் திறந்ததும் பேஸை, அதுதான் நெஞ்சு அதிரும் அடிச்சத்தத்தை, கூட்டினேன். கலர் லைட், புகை எல்லாம் விட்டேன். பெடியள் விசிலடித்து ஆடினார்கள். எனக்கோ பெரிய புளுகம், சந்தோசம் தாங்கவில்லை. போனைப் பிடித்துக்கொண்டு மேடையோரம் நின்ற சுமதி அழுதபடி ஓடி வந்தாள்.

"அண்ணை, நிப்பாட்டுங்கோ! மாமிக்கு இரைச்சல் மட்டும்தான் கேக்குது. அங்கை விடியவெள்ளன எழும்பிக் காத்துக்கொண்டிருக்கிறா."

"ஆட்டப் பாட்டுத்தானே, பிள்ளை?"

"இல்லையண்ணை. 'என்னட்டை ஒண்டும் இல்லை, வெறுஞ்சோறு எண்டாலும் உன்னோடதான்' எண்டு பாடுறது. செத்துப்போன மாமா மாமிக்குப் பாடின பாட்டு."

நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது. எல்லாவற்றையும் நிறுத்தி மைக்கை எடுத்தேன். "பிழை என்ரை. எல்லாரும் ஒருக்கா சத்தம் போடாமல் இருங்கோ."

ஹர்யோ போனை வாங்கி, இசை இல்லாமல் மெதுவாகப் பாடினார். தாயின் குரல் கேட்கட்டும் என்று மைக்கை போனடியில் பிடித்தேன். மண்டபம் முழுக்கக் கேட்டது வேறு குரல். இன்னும் ஒரு நிமிடம்தான் இருக்கிறது என்று ஆங்கிலத்தில் சொல்லும் ரெலிபோன் காட் பெண், வெளிநாட்டுக்குக் கதைக்க நாங்கள் காசு கொடுத்து வாங்கும் காட்டில் வரும் பதிவுக் குரல். மிச்ச நிமிடங்களை என்னுடைய பேஸ் தின்றிருந்தது. பாதிப் பாட்டில் லைன் அறுந்தது.

அந்தப் பெண்ணின் குரல் தெரியாதவர் அங்கே ஒருவரும் இல்லை. ஊரோடு கதைக்கும்போது எல்லோரையும் நடுவில் வெட்டியவள் அவள். சுமதியின் தகப்பன் எழுந்து வந்தார். பர்சிலிருந்து ஒரு ரெலிபோன் காட்டை எடுத்து ஹர்யோவிடம் நீட்டினார்.

"தம்பி, இது இன்னும் சுரண்டாத காட். ஆறுதலாப் பாடும்."

பின்னால் இன்னும் ஏழெட்டுக் கைகள் காட்டுகளோடு நீண்டன. ஹர்யோ முதலிலிருந்து பாடினார். கடைசி அடியைத் தாயும் சேர்ந்து பாடியது ஸ்பீக்கரில் கேட்டது. நான் அழுதேன், மறைக்கவில்லை.

இப்போது யார் சிடி கொண்டுவந்தாலும் என்ன பாட்டு என்று கேட்பதில்லை. "இது ஆருக்கு?" என்றுதான் கேட்கிறேன்.