ஊருக்குக் கேட்ட வலி

வலியே தெரியாத கால்களுக்கு வலியை உண்டாக்கித் தருவதுதான் எனக்குக் கிடைத்த ஆராய்ச்சி. எழுபதுகளின் நடுவில் சென்னையில் ஒரு பொறியியல் கல்லூரியில் ஆய்வு மாணவியாக இருந்தேன். கூட இருந்தவர்கள் ரேடியோ, ராடார் என்று போக, என் பேராசிரியர் என்னைச் செங்கல்பட்டுக்கு ரயிலேற்றிவிட்டார். ஊருக்கு வெளியே தொழுநோயாளிகளைப் பார்க்கும் ஆஸ்பத்திரி ஒன்று இருந்தது. மாத்திரையால் நோய் போய்விடும். செத்த நரம்பு திரும்பாது. காலில் ஆணி ஏறினாலும் தெரியாமல் அதன் மேலேயே நாள் முழுக்க நடப்பார்கள். புண் எலும்பைத் தொட்ட பிறகு காலையே எடுக்க வேண்டியிருக்கும்.

நாங்கள் நினைத்தது எளிமையானது. இவர்களுக்கென்றே ஆஸ்பத்திரியில் தரும் செருப்புக்குள் அழுத்தத்தை உணரும் மெல்லிய வில்லைகளைப் பதிப்போம். அங்கிருந்து ஓர் ஒயர் இடுப்பில் செருகிய சின்னப் பெட்டிக்குப் போகும். பாதத்தில் ஓர் இடத்தில் மட்டும் பாரம் அதிகமானால் பெட்டி கீச்சென்று கத்தும். உடனே உட்கார வேண்டும், இல்லை காலை மாற்றி ஊன்ற வேண்டும்.

அதை முதலில் போட்டுக்கொண்டவர் மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு குப்பத்திலிருந்து வந்த மீன்காரம்மா. நாற்பது வயதிருக்கும். கணவரைக் கடல் கொண்டுபோயிருந்தது. ஒரே மகளைப் பக்கத்துக் குப்பத்தில் கட்டிக் கொடுத்திருந்தார். கூடையோடு பஸ் ஏறித் திருப்போரூரில் தெருத் தெருவாக விற்பார். வலது பாதத்தின் அடியில் ஆறாத புண்.

ஆஸ்பத்திரி முற்றத்தில் நடக்கவிட்டேன். பெட்டி கத்தியதும் துள்ளினார்.

"ஐயோ, இன்னா கண்ணு இது, எலிக்குஞ்சு மாதிரி கத்துது!"

"உங்க கால்தான் கத்துதுக்கா. அங்க புண்ணு இருக்கு, மிதிக்காதேன்னு சொல்லுது."

அவர் குனிந்து அந்தப் பாதத்தைத் தடவினார். "இத்தினி வருசமா செத்துக் கெடந்துச்சி. இப்பதான் வாயத் தொறக்குது."

உப்புத் தண்ணீர் பட்டுப் பெட்டி அடிக்கடி கெட்டது. சைக்கிள் ட்யூபை வெட்டி அதற்கு உறை போட்டேன். புண் ஆறத் தொடங்கியது. ஒருநாள் எனக்காக வஞ்சிரம் மீனை இலையில் சுற்றிக் கொண்டுவந்தார். மீன் சாப்பிட மாட்டேன் என்று சொல்ல மனம் வரவில்லை. வாங்கிப் போய் விடுதிச் சமையற்காரரிடம் கொடுத்தேன். நன்றாக இருந்ததா என்று அடுத்த முறை கேட்டபோது தலையாட்டினேன்.

காலில் இருப்பது சர்க்கரைப் புண் என்றுதான் குப்பத்தில் சொல்லிவைத்திருந்தார். சித்திரை வெயிலில் ஒருநாள் ஆஸ்பத்திரிக்கு வந்தவர் முகமே சரியில்லை. பஸ்ஸில் நடந்ததைச் சொன்னார்.

"நின்னுகினு வரேன் கண்ணு, இது வுடாம கத்துது. கண்டக்டரு, 'இன்னாம்மா, கூடையில கோயிக்குஞ்சா, அதுக்கும் டிக்கெட் எடு'ன்றான். அல்லாரும் சிரிக்கிறாங்க. பக்கத்துல குந்திகினு இருந்தவ குனிஞ்சி என் செருப்பப் பாத்துட்டா. அவ சித்தப்பன் இதே ஆஸ்பத்திரிச் செருப்புதான் போட்டுகினு இருந்தானாம்."

அந்தப் பெண் மகளின் குப்பத்துக்காரி. பேச்சு பரவியது. வாடிக்கைக்காரர்கள் கதவைத் திறக்கவில்லை. மகள் அப்போது பிள்ளைத்தாய்ச்சி. பார்க்கப் போன மாமியாரை மருமகன் வாசலிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பிவிட்டார்.

"வலின்னா எனக்குத்தான கண்ணு தெரியணும்? இது ஊரையே கூப்ட்டு சொல்லுது" என்று பெட்டியை என் மேசையில் வைத்தார். செருப்பையும் கழற்றிவிட்டார்.

"செருப்பையாவது போட்டுக்கோங்கக்கா."

"வாணாம். அதப் பாத்துதான கண்டுபுடிச்சாங்க."

டாக்டரும் கெஞ்சிப் பார்த்தார். மீன்காரம்மா வெறுங்காலோடு தார் ரோட்டில் இறங்கி நடந்தார். சுடுவது அவருக்குத் தெரியவில்லை. பார்த்துக்கொண்டிருந்த எனக்குத்தான் தெரிந்தது.

சத்தம் போடாமல் சொல்லும் கருவி ஒன்றைச் செய்ய உட்கார்ந்தேன். மேல்கையில் உணர்ச்சி இருக்கும் தோலில் சின்ன மின்சாரக் குறுகுறுப்பு, அவ்வளவுதான். என் கையிலேயே ஒட்டி ஒட்டிப் பார்த்ததில் தோல் சிவந்து கன்றிப்போனது. ஆஸ்பத்திரிச் செருப்பு வேண்டாமென்று கடைத்தெருவில் எல்லோரும் வாங்கும் செருப்பிலேயே வில்லைகளைப் பதித்தேன். அதெல்லாம் முடிய மழைக்காலமும் போய்விட்டது.

பொங்கல் கழிந்து எடுத்துக்கொண்டு போனபோது அவர் வார்டில் படுத்திருந்தார். போர்வை ஒரு பக்கம் முழங்காலுக்குக் கீழே தட்டையாகக் கிடந்தது. காய்ச்சல் முற்றிய பிறகுதான் வந்தாராம். வேறு வழியிருக்கவில்லை.

"வா கண்ணு. பையில இன்னா கீது?"

சொன்னேன். தன் கையில் ஒட்டிக் காட்டச் சொன்னார். ஒட்டிவிட்டுச் செருப்பை என் விரலால் அழுத்தினேன்.

"ஆமா, குத்துது" என்றார். பக்கத்துக் கட்டில்களைத் திரும்பிப் பார்த்தார். "ஒருத்தருக்கும் கேக்கல பாரு. நல்லாத்தான் செஞ்சிகீற. வேற யாருக்காச்சும் குடு."

ஒட்டியதைப் பிரித்தபோது வலிக்காமல் எடுக்க வேண்டுமே என்று மெதுவாக எடுத்தேன்.

மாசியில் மகள் வந்தாள், கணவருக்குத் தெரியாமல், கைக்குழந்தையோடு. நான் அப்போது அங்கே இருந்தேன்.

"கொயந்தைய எதுக்குக் கொண்டாந்த? எடுத்துகினு போ" என்று அவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

நோய் எப்போதோ போய்விட்டது, யாருக்கும் தொற்றாது என்று டாக்டர் சொன்னார். மகள் கட்டிலில் உட்கார்ந்து குழந்தையை அவர் மடியில் வைத்தாள். அவர் இரண்டு கைகளையும் மேலே தூக்கிக்கொண்டார், தொட்டுவிடுவோமோ என்று. குழந்தை மடியை நனைத்தது.

"சூடா கீதுடி" என்றார். அப்புறம்தான் கைகளை இறக்கிக் குழந்தையை அணைத்தார்.

மகள் பிறகு வரவில்லை, கணவர் விடவில்லை என்று கேள்விப்பட்டோம். மீன்காரம்மாவுக்குப் பொய்க்கால் பொருத்த அளவு எடுத்திருந்தார்கள். இன்னொரு காலிலும் சீழ் வைத்து உடம்பெல்லாம் பரவியது. ஆவணியில் இறந்துபோனார். குப்பத்திலிருந்து யாரும் வரவில்லை. ஆஸ்பத்திரி ஆட்களோடு நானும் போய் ஒரு பிடி மண் போட்டேன்.

செய்தி தாமதமாகக் கிடைத்து மகள் ஓடி வந்தாள். ஆஸ்பத்திரி வாசலில் என்னைப் பார்த்ததும், "அம்மா இன்னா சொல்லிச்சி?" என்று கேட்டாள்.

"கொழந்தைக்குப் பல்லு மொளச்சிதான்னு கேட்டுக்கிட்டே இருந்தாங்க."

"மொளச்சிடுச்சிக்கா, கீய ரெண்டு" என்று சொல்லிவிட்டு அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதாள்.