நகராத மூட்டம்

பாறையும் முள்ளுமாய்க் கிடந்த சரிவை வெட்டி ஆறு ஏக்கர் காப்பித் தோட்டம் ஆக்கினேன். நிழலுக்கு நட்ட சில்வர் ஓக் மரம் அத்தனையிலும் மிளகுக் கொடி ஏற்றினேன். மலை மேலிருக்கும் வாழவந்தி ஊரில் ஜீப் ஏறாத எங்கள் மேட்டுக்குப் பாதை போட்டேன். கல் ஊடு கட்டினேன், காப்பி காயவைக்கக் களம் போட்டேன். படிப்பு மூன்றாம் வகுப்பு. மற்றதெல்லாம் பார்த்துப் பார்த்தே கற்றது. பத்தடி தள்ளி நின்றே, இந்தச் செடியை இன்றைக்குப் பறிக்கலாம், அது நாலு நாள் போகட்டும் என்பேன். எனக்குப் பள்ளிக்கூடம் என் கண்தான்.

இரண்டு வருசத்துக்கு முன்னால், பறிப்புச் சமயம். காலையில் இறங்கிய பனிமூட்டம் மத்தியானமும் விடவில்லை. இந்த வருசம் மூட்டம் நொம்ப என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். ஒருநாள் களத்தில் காப்பி காய்கிறது. "மூட்டம் இறங்குது, சீக்கிரம் அள்ளுங்க" என்றேன். வேலைக்கு வந்த பெண்கள் ஒருத்தியை ஒருத்தி பார்த்துவிட்டு அள்ள ஆரம்பித்தார்கள். என் ஊட்டுக்காரி வெளியே வந்தாள்.

"ஏனுங்க, வெயில் மண்டையைப் பொளக்குது. எதுக்குங்க அள்ளச் சொல்றீங்க?"

"மூட்டம் தெரியலையா உனக்கு?"

"எங்கீங்க மூட்டம்? உங்க கண்ணுலதான் இருக்குதாட்ட இருக்குது."

பெண்கள் சிரித்தார்கள். எனக்கு வரவில்லை. நெற்றியில் வெயில் சுட்டது, கண்ணில் மட்டும் வெள்ளை. கண் போனால் எனக்கு வேறு என்ன படிப்பு இருக்கிறது?

மறுநாளே இருவரும் பஸ் ஏறி சேலத்தில் கண் ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டரம்மா விளக்கடித்துப் பார்த்தார். "கண்புரைங்க ஐயா. கண்ணுக்குள்ள இருக்கற வில்லை மங்கிப்போச்சு. எடுத்துட்டுப் புதுசு வெச்சுடலாம்." பக்கத்து பெஞ்சில் எங்கள் மலையின் கொட்டச்சேட்டு ஊர்க்காரர் ஒருவர். பக்கவாட்டில் வரும் வண்டி தெரியாததை அவரும் மூட்டம் என்றே விட்டிருந்தாராம். அவருக்குக் கண் அழுத்தம். போன பார்வை திரும்பாது, மிச்சத்தைச் சொட்டு மருந்து போட்டுக் காப்பாற்றலாம் என்றார்கள். மனுசன் மருந்துச் சீட்டை வாங்கி மடித்துப் பையில் வைத்தார்.

எனக்கு வைத்த வில்லை காப்பிக் கொட்டையில் பாதிகூட இருக்காது. கட்டு அவிழ்த்தபோது, சுவர் இவ்வளவு வெள்ளையா என்று கையால் தடவிப் பார்த்தேன். திரும்பும் பஸ்ஸில் ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். சில்வர் ஓக் இலை புரளும்போது அடியில் வெள்ளி மின்னியது. என் தோட்டத்தில் நான் நட்ட அதே மரம், அந்த மின்னல் எனக்கே மறந்திருந்தது. மேலே ஏறியதும் நிஜ மூட்டம் வந்தது. ஒரு மரத்தை மறைத்து, விட்டு, அடுத்ததை மறைத்துக்கொண்டு ரோட்டைத் தாண்டிப் போனது. மூட்டம் என்றால் நகரும். பிறந்ததிலிருந்து மலையில் இருக்கிறேன், அன்றைக்குத்தான் அது என் புத்தியில் ஏறியது. என் கண்ணில் இருந்தது ஒருநாளும் நகரவில்லை.

"ஏனுங்க, ஸ்டாப்பு வந்துருச்சுங்க" என்றாள் ஊட்டுக்காரி. எனக்கு இறங்க மனசில்லை.

அதிலிருந்து, மூட்டம் ஜாஸ்தி என்று யார் சொன்னாலும் ஒன்றே கேட்பேன்: "அது நகருதா?" இல்லை என்றால் கையோடு ஜீப்பில் ஏற்றிக் கீழே அந்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விடுவேன். தள்ளியிருக்கும் வெள்ளக்கடை ஊரிலிருந்துகூட ஆள் ஏற்றியிருக்கிறேன். பார்வை வந்ததும் எல்லாரும் டாக்டரம்மாவைக் கும்பிடுகிறார்கள். கும்பிடட்டும், அந்தக் கை அப்படிப்பட்ட கை. ஆனால் அந்தக் கேள்வியை முதலில் கேட்டவன் நான். அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.