மிருதா அங்கிளை யார் கூப்பிட்டது?

எங்கள் மகள் ஷைனா முதல்முறை நற்கருணை வாங்கிய புதுநன்மை விருந்து, அமெரிக்காவில் எடிசனில் எங்கள் வீட்டிலேயே நடந்தது. வெள்ளை ஜிப்பா போட்ட ஒரு பெரியவர் ஃபாதருக்குப் பக்கத்து நாற்காலியில் அத்தனை உரிமையாக உட்கார்ந்திருந்தார். ஷைனாவின் தலையில் கை வைத்து ஏதோ முணுமுணுத்தார். நின்றுகொண்டே இரண்டு வாய் பிரியாணி சாப்பிட்டார், எல்லோரையும் பார்த்துக் கையைத் தூக்கிக் காட்டினார், போயே போய்விட்டார்.

"யாருங்க அது? உங்க சர்ச் ஆளா?" என்று என் கணவர் ரூஃபஸிடம் கேட்டேன்.

"உன் ஆபீஸ் ஆளுன்னு நினைச்சுல்ல நானே பிளேட் எடுத்து சர்வ் பண்ணேன்!"

ஃபாதரைக் கேட்டால், அவர் எங்கள் தாய்மாமன் என்று நினைத்தாராம். நல்லா இருக்கிறது கதை!

அப்புறம்தான் தெரிந்தது. மூன்று வீடு தள்ளி இருக்கும் நாஜ்னீன் என்ற பார்மசிஸ்ட் பெண்ணின் அப்பா அவர். பெயர் மோக்லேஸ் மிருதா. வங்கதேசத்தில் இரண்டு முறை எம்.பி.யாக இருந்தவர். அவருடைய தொகுதியில் அவர் தலை காட்டாமல் ஒரு கல்யாணமும் நடந்ததில்லை, ஒரு சவ ஊர்வலமும் போனதில்லை. "ஓட்டு கேட்கிறவன் அழைப்புக்குக் காத்திருக்கலாமா?" என்று என்னையே கேட்டார். அவர் பேசுவது வங்காள வாடை அடிக்கும் இங்கிலீஷ், நான் தமிழில் சொல்கிறேன். இங்கே அவருக்குத் தொகுதியும் இல்லை, ஓட்டும் இல்லை. ஆனாலும் ஒரு வீட்டு வாசலில் செருப்புகள் குவிந்திருந்தால் கால் தானாக உள்ளே போய்விடும். ஒரு தடவை யாரோ வைட்டமின் மாத்திரை விற்கக் கூட்டிய கூட்டத்தில் நுழைந்து, மணமக்கள் எங்கே என்று தேடியிருக்கிறார்.

சணல் வியாபாரியின் மகன். காலேஜில் கொடி பிடித்ததில் ஆரம்பித்து, ஊராட்சித் தலைவராகி, ஒரு முறை கட்சி மாறி, ஒரு முறை ஜெயிலுக்கும் போய், டாக்கா பாராளுமன்றம் வரை வந்தவர். பேரன் பிறந்ததைப் பார்க்க அமெரிக்கா வந்திருந்தபோது அங்கே ஆட்சி கவிழ்ந்தது. அவர் வீட்டைக் கொளுத்தினார்கள், பாஸ்போர்ட்டையும் ரத்து செய்தார்கள். திரும்பிப் போனால் ஏர்போர்ட்டிலேயே பிடித்துக்கொள்வார்கள். மனைவி ஹஸ்னாவோ கிட்னி கெட்டுப்போய் அங்கே தம்பி வீட்டில் படுத்திருந்தார், ஃபிளைட் ஏறும் நிலையில் இல்லை. மனைவி கண்ணை மூடுவதற்குள் ஒரு தடவை பக்கத்தில் போய் உட்கார வேண்டும். மிருதா அங்கிளுக்கு வேறு ஆசையே இல்லை.

பாவம் என்று நான் நினைக்க ஆரம்பித்த நேரத்தில்தான், ஓக் ட்ரீ ரோடு பக்கம் மீன் வாங்கப் போன கடையில் மிருதா அங்கிள் பேச்சு வந்ததும் அவர் ஊர்க்காரர் ஒருவர் குழப்பிவிட்டார். "அந்த ஆளா? ஆற்றுப் பாலம் கட்டுகிறேன் என்று பணத்தை முழுங்கியவன். பாலத்துக்கடியில் ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது!" வரிசையில் பின்னால் நின்ற இன்னொருவர் பாய்ந்தார்: "வாய்க்கு வந்ததைப் பேசாதே. அந்தப் பாலத்தில் நடந்துதான் நான் பள்ளிக்கூடம் போனேன்."

மனசு கேட்காமல் அவரிடமே கேட்டுவிட்டேன். அவருக்குக் கோபம் வரவில்லை. "இரண்டு பேரும் சொல்வது உண்மைதான். நான் கட்டும்போது ஆறு அங்கேதான் ஓடியது. அப்புறம் ஆறு தள்ளிப் போய்விட்டது. எங்கள் ஊர் ஆறுகள் அப்படித்தான்" என்றார். பிறகு அவராகவே, "ஆறு நகரும் என்று இன்ஜினியர் சொல்லத்தான் செய்தார். ஆனால் என் மச்சானின் நிலம் அந்தக் கரையில் இருந்தது" என்றார். கேட்காமலே இருந்திருக்கலாம். நல்லவரா கெட்டவரா என்று எனக்கு முன்பாவது பாதி தெரிந்தது, இப்போது சுத்தமாகத் தெரியவில்லை.

அந்தக் குளிர்காலத்தில் தூத்துக்குடியில் என் அப்பா தவறிப்போனார். கிரீன் கார்டு விண்ணப்பம் பாதியில் நின்றதால் என்னால் போக முடியவில்லை. அடக்கத்தை டி.வி.யில் லைவாகப் பார்க்க உட்கார்ந்தோம். நான் யாருக்கும் சொல்லவில்லை. மிருதா அங்கிள் வந்தார். எப்படித் தெரிந்ததோ, கேட்கவும் தோன்றவில்லை. பெட்டியைத் தூக்கும்போது எழுந்து நின்றார். அது குழிக்குள் இறங்கும்வரை உட்காரவே இல்லை. அப்பாவுக்கு என் வீட்டிலிருந்து எழுந்து நின்ற முதல் ஆள் அவர்தான். அவரைப் பார்த்துத்தான் நாங்களும் நின்றோம்.

போன மாதம் ஹஸ்னா இறந்துவிட்டார். வாக்கிங் போகும்போது நாஜ்னீனிடம்தான் கேட்டுத் தெரிந்துகொண்டேன். அவர்கள் வீட்டு வாசலில் ஒரு செருப்புகூட இல்லை. "யாரும் வரமாட்டாங்க, அக்கா. அப்பா கட்சிக்காரங்களுக்கு, இங்க வந்தா யாராவது ஃபோட்டோ எடுத்து ஊருக்கு அனுப்பிடுவாங்களோன்னு பயம். மத்தவங்களுக்கு அப்பாவைக் கண்டாலே ஆகாது" என்று இங்கிலீஷில் சொல்லி அழுதாள்.

வீட்டுக்கு வந்து சோஃபாவில் உட்கார்ந்துவிட்டேன். போகலாமா, கூடாதா? அந்தப் பாலத்துப் பணம் யாரோ ஏழைகளுடையது இல்லையா? ரூஃபஸ் கார் சாவியை எடுத்தார், மூன்று வீடு தள்ளிப் போக.

"எனக்கு ஒண்ணுமே புரியல, ரூஃபஸ்."

"எனக்கு மட்டும் புரியுதா? ஷைனா தலையில கை வைக்கறப்போ அவர் நம்மள பேக்ரவுண்ட் செக் பண்ணாரா? எழுந்திரு, அமலி."

ஷைனாவையும் கூட்டிக்கொண்டு, அடுப்பிலிருந்த குழம்பை அப்படியே டப்பாவில் ஊற்றிக்கொண்டு நடந்தே போனோம். அவரே கதவைத் திறந்தார். எங்களைப் பார்த்ததும் முதுகை நிமிர்த்தினார், ஜிப்பாவைச் சரிசெய்தார், நாற்காலி கொண்டுவரச் சொல்லி மகளுக்குக் குரல் கொடுத்தார். எதிரில் உட்கார்ந்து பையிலிருந்து பேனாவை எடுத்தார். கண்கள் வீங்கியிருந்தன.

"சொல்லுங்கள். என்ன வேலை ஆக வேண்டும்?"

"ஒண்ணும் இல்ல, அங்கிள். சும்மாதான் வந்தோம்."

அவர் ரூஃபஸைப் பார்த்தார், ஷைனாவைப் பார்த்தார். நான் எதையோ மறைக்கிறேன் என்பது போல மறுபடி என்னைப் பார்த்தார். பிறகு வங்க மொழியில் மகளிடம் ஏதோ கேட்டார். நாஜ்னீன் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"இத்தனை வருஷத்துல எங்க வீட்டுக்கு யாரும் எதுவும் கேக்காம சும்மா வந்ததில்லையாம், அக்கா. நிஜமாவே எதுவும் வேண்டாமான்னு கேக்கறார்."

குழம்பு டப்பாவைக் கீழே வைத்துவிட்டு அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். பேனாவைப் பிடித்தபடியே அழ ஆரம்பித்தார்.