ஐந்து விரல் கார்

"போன மாசம் ரெண்டரை லட்சம் அண்ணாச்சி. இப்ப மூணு," என்றான் கோவில்பட்டியில் பழைய கார் விற்பவன். கதவைத் திறந்தேன். வெயிலில் வெந்த ரெக்சின் வாசனை என்னைச் சின்ன வயது நாகலாபுரத்துக்குக் கொண்டுபோனது.

அங்கே எங்கள் களத்தில், கரிசல் புழுதிக்குள் ஒரு சின்ன வெள்ளைக் கார் மிதந்துவந்து நின்றது. மாடு வாங்கிப் பழகிய அப்பா அதையும் தட்டிப் பார்த்துவிட்டு, துண்டுக்கடியில் கையை நீட்டினார். மாட்டுச் சந்தையில் எத்தனை விரலைப் பிடிக்கிறோமோ அதுதான் விலை. அது தெரியாமல், காரை விற்கக் கொண்டுவந்த மதுரைத் தரகர் கைகுலுக்கினார்.

"அஞ்சு விரல். அம்பதாயிரம். முடிஞ்சுது," என்றார் அப்பா.

"சும்மா கையக் குடுத்தேங்க. விலை எழுபது."

"பிடிச்ச பொறவு பேச்சு மாறக் கூடாதுல்லா."

அன்று சாயங்காலம் பருத்திக் காட்டு வழியே அந்தக் காரில் போனோம்.

"முடிச்சிருவமா அண்ணாச்சி?" என்று விற்பவன் கையை நீட்டினான்.

நான் இரண்டு விரலை மட்டும் பிடித்தேன்.