வந்தோர் ஆசனத்து நிஸ்மியா

கற்பிட்டிப் பக்கம் கருவாடு வாங்கப் போகிறவர்களுக்கு நிஸ்மியாவைத் தெரியும். விலை குறைக்கச் சொன்னால் சிரிப்பாள். மீனைக் குறை சொன்னால் சிரிக்க மாட்டாள். மாதத்தில் நான்கு நாள் மட்டும் மீன் காயவைக்கும் வாடியைப் பக்கத்து வீட்டு அக்கீலாவிடம் ஒப்படைத்துவிட்டுப் புத்தளம் பஸ் ஏறுவாள். அந்த நான்கு நாளும் அவள் புத்தளக் கரை மாநில அவையின் உறுப்பினர். எவ்வளவு சவர்க்காரம் போட்டாலும் கையில் கருவாட்டு மணம் போகாது. அவையில் யாராவது மூக்கைச் சுளித்தாலும் அவளுக்கு ஒன்றுமில்லை. அவர்கள் வீட்டிலும் அதுதானே கறி.

தொண்ணூற்று ஐந்தில் நாடு கூட்டாட்சிக் குடியரசானபோது இந்தக் கரை தனி மாநிலமானது. மீன், காணி, பள்ளிக்கூடம், பஸ் எல்லாவற்றுக்கும் இங்கேயே தீர்மானம். கொழும்புக்குக் கடிதம் எழுதிவிட்டுத் தலை நரைக்கும்வரை காத்திருக்கும் வேலை ஒழிந்தது. புதிய அவை கூடிய முதல் நாளே ஒரு காரியம் செய்தது. ஐந்து வருடத்துக்கு முன் போரில் மன்னாரிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் துரத்தப்பட்டு, உடுத்த துணியோடு வந்து சேர்ந்த முஸ்லிம்களுக்கென்று ஓர் ஆசனம் ஒதுக்கியது. அதன் பெயர் வந்தோர் ஆசனம். இந்தப் பக்கத்து வீடுகளில் சஹன் என்ற பெரிய சோற்றுத் தட்டைச் சுற்றி உட்கார்ந்தால் விருந்தாளி கை வைத்த பிறகுதான் மற்றவர்கள் சோற்றைத் தொடுவார்கள். அந்த வழக்கத்தையே அவைக்கும் கொண்டுவந்தார்கள். எந்த விஷயமானாலும் வந்தோர் ஆசனத்தில் இருப்பவர்தான் முதலில் பேச வேண்டும்.

நிஸ்மியா எட்டு வயதில் மன்னாரிலிருந்து வள்ளத்தில் வந்தவள். கரையில் இறங்கியபோது முன்பின் தெரியாத சாரா உம்மா என்ற பெண் அவளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, "அழாத மகள், சோறு ஈக்கி, தாறன்" என்றாளாம். இந்த ஊருக்குப் பட்ட நன்றிக்கடனை எப்படித் தீர்ப்பது என்று அவள் கேட்காத நாளில்லை.

ஆனால் அந்த ஆசனத்தோடு ஒரு வேலியும் வந்தது. வந்தோர் பட்டியலில் பெயர் உள்ளவர்கள் அந்த ஓர் ஆசனத்துக்குத்தான் வாக்குப் போடலாம். குடியிருக்கும் ஊரின் சபைக்குப் போடவும் முடியாது, நிற்கவும் முடியாது. வீடும் விலாசமும் இல்லாத காலத்தில் அது பெரிய உதவி. முப்பது வருடத்துக்குத்தான் அந்த ஏற்பாடு. இந்த வருடத்தோடு முடிகிறது. நீடிக்க வேண்டுமென்றால் நிஸ்மியா எழுந்து கேட்க வேண்டும். கேட்காவிட்டால் ஆசனம் போகும், பெயர்கள் ஊர்ப் பட்டியலுக்கு மாறும்.

பள்ளிவாசல் நிர்வாகி பதியுதீன் மாமா வீடு தேடி வந்துவிட்டார்.

"நிஸ்மியா, கட்டாயம் கேட்டுப்போடு. அந்த ஆசனக் கதிர போனா நாளைக்கு எங்கட கதைய யாரு கேக்கிற? ஒருக்கா துரத்தின காயம் எனக்கு இன்னும் ஆறல்ல."

அவர் பயத்தில் பொய் இல்லை. அவளுக்கும் அதே பயம்தான். அவர் போனதும், ஊர்ப் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கும் மகள் ஃபஸ்னா கேட்டாள்: "உம்மா, நான் புத்தளம் ஆஸ்பத்திரியில பொறந்தவ. என்னயும் வந்தவள் எண்டுதான் எழுதி வெச்சிருக்காங்க. நான் எங்கேருந்து உம்மா வந்தன்?"

மறுநாள் பஸ்ஸில் புத்தளம் போய்ச் சேரும்வரை அந்தக் கேள்விதான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது.

அவையில் வழக்கப்படி அவளே முதலில் எழுந்தாள். மாமா எழுதிக் கொடுத்த தாள் கையில் இருந்தது. அதை மடித்தாள்.

"நீங்க எங்களுக்குச் செஞ்சத்த அல்லாஹ் அறிவான். ஆனா நாங்க இனி வந்தவங்க இல்ல, இந்த ஊர் ஆக்கள். எங்கட புள்ளைகள்ட பேர ஊர்ப் பட்டியல்ல போட்டுத் தாங்க. கதிரய எடுத்துக்கொள்ளுங்க."

சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். பதியுதீன் மாமாவின் முகத்தில் எப்படி விழிப்பது என்று நினைத்தாள்.

உடப்பு என்ற மீனவ ஊரின் உறுப்பினர் திரௌபதை எழுந்தாள். கடற்கரைக்காரி, குரலும் அப்படியே. நிஸ்மியாவோடு ஒரே கோப்பையில் தேத்தண்ணீர் குடிக்கும் அளவுக்குச் சிநேகிதம்.

"அந்தக் கதிரய எடுக்க நான் விட மாட்டன்," என்றாள்.

நிஸ்மியா சட்டென்று திரும்பிப் பார்த்தாள். இவளா? இத்தனை வருடம் அக்கா, தங்கச்சி என்றதெல்லாம் வெறும் வாய்ப்பேச்சா? எங்களைத் தங்களோடு ஒரே பட்டியலில் எழுதக்கூட மனம் வரவில்லையா?

"இவங்கட பேர ஊர்ப் பட்டியல்ல போடுங்கோ. அது எப்பவோ செஞ்சிருக்க வேணும், நாங்கள்தான் நித்திரை. ஆனா கதிர இருக்கட்டும், வெறுமையா இருக்கட்டும்," என்றாள் திரௌபதை. "போன மாரியில எங்கட கரையில பத்து வீடு கடலோட போச்சு. என்ர வீட்டுக்கும் கடலுக்கும் இப்ப இருபது அடிதான். எங்கட பிள்ளையள் ஒரு நாளைக்கு மூட்டையோட எங்கேயோ வந்து நிக்கத்தான் போகுதுகள். அடுத்ததா வாறவங்களுக்கு அந்தக் கதிர வேணும்."

அவை முழுவதும் அவளையே பார்த்தது. அவள் வேறு யாரையும் பார்க்கவில்லை. நிஸ்மியா பக்கம் திரும்பினாள், குரல் இறங்கிவிட்டது.

"நாங்கள் வந்தா இடம் தருவீங்களா, தங்கச்சி?"

நிஸ்மியா வாழ்நாள் முழுவதும் வாங்கிப் பழகியவள். சோறு, நிலம், தண்ணீர், கடைசியில் ஆசனம் வரை எல்லாம் மற்றவர்கள் தந்தது. அவளிடம் வந்து இடம் தருவாயா என்று கேட்ட முதல் ஆள் இவள்தான். கண்ணீர் வழிந்தது, துடைக்கத் தோன்றவில்லை. அவள் எழுந்து நின்றாள்.

"வாங்க அக்கா," என்றாள். "நாங்க இங்கதான் இருக்கிறம்."