பாய்லர் எரியாத நாட்கள்

நடைபாதை இல்லாத சாலை. தோள்பையை மாட்டிக்கொண்டு புல்வெளி ஓரமாக நடந்துகொண்டிருந்தேன். நியூ ஜெர்சியில் இப்படி நடந்து போகிறவனைக் காரில் போகிறவர்கள் ஒரு மாதிரி பார்ப்பார்கள். பஸ் நிற்கும் இடம் இன்னும் தூரம். பின்னால் விட்டுவந்த வீட்டில் ஒரு பெரியவரைப் பகலில் பார்த்துக்கொள்வது என் வேலையாக இருந்தது. அன்று மதியத்தோடு அது போனது.

வேலை போவது எனக்குப் புதிதல்ல. பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவன். கலிபோர்னியாவில் ஓட்டல், டெக்சாஸில் கேஸ் ஸ்டேஷன் என்று எங்கெங்கோ இருந்து பார்த்துவிட்டேன். ஆனால் நாளைக்கு அவரை யார் குளிப்பாட்டுவார்கள் என்ற கவலை மட்டும் கூடவே வந்தது.

பெரியவருக்குப் பக்கவாதம் வந்து இடது பக்கம் செயலிழந்திருந்தது. மகனும் மருமகளும் ஐடி வேலை. ஆபீஸ் பக்கத்து ஜிம்மிலேயே இருவரும் குளித்துவிடுவார்கள். அந்த வீட்டில் குளிப்பதற்கென்று இருந்தவர் அவர் ஒருவர்தான்.

வீடு பழையது. வீட்டைச் சூடாக்க பேஸ்மென்டில் கேஸ் பாய்லர். அதற்குள் ஓடும் குழாயில்தான் குளிக்கிற தண்ணீரும் சூடாகும். அந்த வருடம் மகன் கரண்டில் ஓடும் ஹீட் பம்ப் ஒன்றையும் போட்டார். சாதாரணக் குளிருக்கு அது ஓடும், கடுங்குளிர் வந்தால் மட்டும் பாய்லர் எரியும் என்று ஏற்பாடு. வெந்நீரைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை. வெளியே உறைபனி அடித்தால் உள்ளே வெந்நீர். வெயில் கொஞ்சம் எட்டிப் பார்த்தால் பச்சைத்தண்ணீர். தனியாக ஒரு வெந்நீர் டாங்க் வைக்க வேண்டும் என்று நான் இரண்டொரு முறை சொன்னேன். கோடையில் வீட்டை விற்கப் போகிறோம், அதுவரை சமாளியுங்கள் என்றார் மகன்.

அடுப்பில் காய்ச்சி மாடிக்குத் தூக்கிப் போனேன். ஒருநாள் படியில் சிந்தியது. கொதிக்கிற தண்ணீரோடு படி ஏறக்கூடாது என்று மருமகள் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அது நியாயம்தான். அப்புறம் ஈரத்துணியால் துடைத்துவிட்டேன். பெரியவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“துடைச்சுத் துடைச்சு வைக்காத தம்பி. நான் என்ன பாத்திரமா?”

வெளிக்குளிரைப் பார்த்துப் பாய்லருக்குச் சொல்வதற்கு வடக்குச் சுவரில் வெளிப்பக்கம் சின்னதாக ஒரு சென்சார் இருந்தது. ஃப்ரீசரில் துருவிய தேங்காய்ப் பொட்டலங்கள் அடுக்கியிருந்தன. ஒன்றை எடுத்துப்போய் அவருடைய பழைய வேட்டித் துண்டால் சென்சார்மேல் கட்டினேன். கொஞ்ச நேரத்தில் கீழே பாய்லர் மூச்சு விட்டது. அன்று அவர் கண்ணை மூடிக்கொண்டு, போதும் என்று சொல்லாமல் உட்கார்ந்திருந்தார். அதன்பிறகு காலையில் காபி கொடுத்ததும், “தேங்காய் கட்டியாச்சா?” என்றுதான் கேட்பார்.

வெயில் நன்றாக அடித்த ஒரு நாளில், வீட்டு வாசலில் உறைபனி என்று அந்த சென்சாரோடு இணைத்திருந்த மகனுடைய போன் காட்டியிருக்கிறது. மதியமே வந்துவிட்டார். சுவரில் பொட்டலம் உருகிச் சொட்டிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் அதையே பார்த்தார். பிறகு உள்ளே வந்தார்.

“எங்கப்பாவ வச்சுக்கிட்டு என் வீட்ல எக்ஸ்பெரிமென்ட் பண்றீங்களாண்ணா? பாய்லருக்கு ஏதாவது ஆகியிருந்தா?”

அவர் அப்பா பக்கம் திரும்பி, இது உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டார்.

பெரியவர் டிவியைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. “எனக்கென்னடா தெரியும்? தண்ணி சூடா வந்துச்சு, குளிச்சேன்.”

நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார் மகன். பெரியவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. நான் எங்கேயாவது போய்விடுவேன். அவர் அங்கேதான் இருந்தாக வேண்டும். பையை எடுத்துக்கொண்டு போய்வருகிறேன் என்றேன். அவர் தலையை மட்டும் அசைத்தார்.

அன்றிரவு வேறு வேலை கேட்டுப் போய், தெரிந்தவர் ஒருவரின் அறையில் தங்கினேன். அவர் இட்லி மாவு அரைத்துக் கடைகளுக்கு அனுப்பும் கம்பெனியில் இருந்தார். காலையில் என்னையும் கூட்டிப்போனார். அங்கே ஆள் தேவைப்பட்டது. கையுறை கொடுத்தார்கள். மாட்டிக்கொண்டிருக்கும்போது போன் வந்தது. மகன்.

“அண்ணா, லீவு போட்டிருக்கேன். டாங்க்குக்கு ஆள் வர ரெண்டு மூணு நாள் ஆகுமாம். அதுவரை துடைச்சு விடறேன்னா ஒத்துக்க மாட்டேங்கறாரு. கெட்டில்ல காய்ச்சி வச்சிருக்கேன். எப்படி ஊத்தணும்?”

“முதல்ல பக்கெட்ல கலந்துட்டு உங்க கைய விட்டுப் பாருங்க. வலது கால்ல ஆரம்பிங்க. இடது பக்கம் அவருக்குச் சூடு தெரியாது, வெந்தாலும் சொல்ல மாட்டாரு.”

அது மகனுக்குத் தெரிந்திருக்கவில்லை.

பின்னாலிருந்து பெரியவரின் குரல் கேட்டது. “நல்லா கேட்டுக்கிட்டு ஊத்துடா. மூஞ்சில அடிச்சிடாத.”

மக்கில் தண்ணீர் மொள்ளும் சத்தம் கேட்டது. போன் கட்டானது. குளிர் அறைக்குள் போய் மாவு டப்பாக்களை அடுக்க ஆரம்பித்தேன்.