அடைக்கு வைத்த பத்து முட்டைகள்

என் மகளுக்கு ஒன்றரை வயது நடந்தபோது, மூன்று மாதமாக எடை ஏறவேயில்லை. தினம் ஒரு முட்டை கொடுங்கள், புது முட்டையாக இருக்கட்டும் என்றார் செங்கல்பட்டு டாக்டர். எழுபதுகளில் எங்களுக்கு அது சுலபமான காரியம் இல்லை. கணவருக்குக் கல்பாக்கத்தில் கட்டட மேற்பார்வை வேலை. சதுரங்கப்பட்டினத்தில் கடலோரமாக வாடகை வீட்டில் இருந்தோம். அங்கே பெட்டிக்கடை முட்டையில் பாதி, உடைத்ததும் நாறும். செங்கல்பட்டில் நல்ல முட்டை கிடைக்கும். ஆனால் மாதம் ஒருமுறைதான் பஸ் ஏறுவோம், வாங்கி வந்தாலும் அந்த வெக்கையில் எத்தனை நாள் தாங்கும்?

அதனால் கோழி வளர்ப்பது என்று முடிவு செய்தேன். காலையில் செய்த முடிவு மத்தியானம் வரை நிற்காது. கொல்லையில் கீரி நடமாட்டம் உண்டு. தரையில் விளையாடுகிற குழந்தை எச்சத்தை எடுத்து வாயில் வைத்தால் என்ன செய்வது? முந்தைய கோடையில் வெள்ளைக்கழிச்சல் வந்து எங்கள் தெருக் கோழிகள் வரிசையாகச் செத்ததைப் பார்த்திருந்தேன். எங்கோ கிடைத்த துண்டுப் பிரசுரத்தில், சந்தைக் கோழிதான் நோயைக் கொண்டுவரும் என்று போட்டிருந்தது. யோசித்து யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தேன். கோழியே வாங்கக் கூடாது. நம் வீட்டிலேயே குஞ்சு பொரித்து, நம் கண் முன்னாலேயே நான்கு கோழிகளை ஆளாக்க வேண்டும்.

பக்கத்து வீட்டு அக்கா மீன் விற்பவர். காலையில் கூடையோடு கிளம்பினால் திருக்கழுக்குன்றம் வரை போய்விட்டு வருவார். அவருடைய கோழி ஒன்று அடைக்கு உட்கார்ந்திருந்தது. மூன்று வாரம் இரவல் கேட்டேன். எடுத்துக்கொள்ளச் சொன்னார், முட்டையும் தரட்டுமா என்று கேட்டார். அவர் வீட்டு முட்டைகள் சின்னதாக, அழுக்கும் தூசியுமாக இருந்தன. என்னிடம் இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். அந்த வாரம்தான் செங்கல்பட்டில் பத்து பண்ணை முட்டைகள் வாங்கியிருந்தேன். வெள்ளை வெளேரென்று, எல்லாம் ஒரே அளவு.

கூடையில் மணலும் வைக்கோலும் பரப்பி, கோழியின் கால்களைப் பொட்டாசியம் பர்மாங்கனேட் தண்ணீரில் கழுவி உட்கார வைத்தேன். அது என் புறங்கையைக் கொத்தி ரத்தம் வரவழைத்தது. அதன் பிறகு எனக்கு வேறு வேலையே ஓடவில்லை. இரை எடுக்க அது இறங்கினால், முட்டை ஆறிவிடுமே என்று பதறுவேன். இறங்காவிட்டால், பட்டினியில் செத்துவிடுமோ என்று பதறுவேன். இடுப்பில் குழந்தையும் கையில் சோற்றுக் கிண்ணமுமாகக் கூடைக்கும் அடுப்புக்கும் நடப்பேன். குழந்தை இரண்டு வாய் வாங்கிவிட்டு மூன்றாவதைத் துப்பும்.

இருபத்தொரு நாள் முடிந்தது. ஒன்றும் இல்லை. நாள் கணக்கில் பிசகியிருக்கலாம் என்று காலண்டரைத் திரும்பத் திரும்ப எண்ணினேன். இருபத்து நாலாம் நாள் வெட்கத்தை விட்டு அக்காவைக் கூப்பிட்டேன்.

அவர் ஒரு முட்டையை எடுத்து வெயிலுக்கு எதிரே பிடித்தார். காதருகே வைத்துக் குலுக்கினார். உள்ளே சளக் சளக்கென்றது. எங்கே வாங்கியது என்று கேட்டார், சொன்னேன்.

"பண்ண முட்டயா? அங்க சாவலே கெடையாதேம்மா. சாவல் சேராத முட்ட எப்டி பொரிக்கும்?"

நான் கல்லூரியில் தாவரவியல் படித்தவள். மகரந்தச் சேர்க்கை பற்றிப் பக்கம் பக்கமாக எழுதித் தேறியவள்.

"இத்தினி படிச்சிகீறே, இது தெரியாம நீ எப்டிம்மா புள்ள பெத்தே?" என்று சொல்லிவிட்டு, கூடைப் பக்கத்திலேயே குந்தி, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

பிறகு கோழியைத் தூக்கி நெஞ்செலும்பைத் தடவிப் பார்த்தார். சிரிப்பு நின்றுவிட்டது. அதன் உடம்பில் சதையே இல்லை, இறகுதான் மிச்சம். கொண்டை வெளுத்துக் கிடந்தது. இன்னொரு கோழியாக இருந்தால் இதற்குள் செத்திருக்கும் என்றார். நான் மன்னிப்புக் கேட்டேன். அதை அவர் காதில் வாங்கவில்லை. எதற்கு இந்தப் பாடு என்று கேட்டார். டாக்டர் சொன்னதைச் சொன்னேன்.

"குஞ்சு பொரிச்சி, அது வளந்து, அது முட்ட வெச்சி, அப்பால புள்ளைக்கா? அதுக்குள்ள இது ஸ்கூலுக்கே பூடும். என் வூட்ல நாலு கோழி முட்ட வெச்சிகினு கீது. வாயத் தொறந்து கேட்டா இன்னா?"

ஐப்பசி மழை முடிந்ததும் முட்டையிடும் பருவத்துக்கு வரும் இரண்டு வெடக்கோழியும் ஒரு சேவலும் தருவதாகச் சொன்னார். அதற்குள் கூட்டைக் கட்டி வை என்றார். கோழியை ஒரு கக்கத்திலும் என் மகளை மறு இடுப்பிலும் வைத்துக்கொண்டு தன் வீட்டுக்குள் போனார். நான் பின்னால் ஓடினேன். அவர் பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நடுவில் அவளை உட்கார வைத்து, அவித்த முட்டையைச் சோற்றில் பிசைந்து, ஒரு உருண்டை அவளுக்கு, ஒரு உருண்டை மற்றவர்களுக்கு என்று கொடுத்தார். கை கழுவினாரா என்று எனக்குச் சந்தேகம். கேட்கத் தைரியம் வரவில்லை. என் மகள் அடுத்த உருண்டைக்கு வாயைத் திறந்துகொண்டு காத்திருந்தாள். அவள் பங்கு முட்டை முழுதும் உள்ளே போயிற்று.

மறுநாளும் தூக்கிக்கொண்டு போனேன். வாசலில் அவளை இறக்கிவிட்டு, கதவுக்கு இந்தப் பக்கம் அவள் கண்ணில் படாமல் நின்றுகொண்டேன். என்னைப் பார்த்தால் துப்பிவிடுவாளோ என்று பயம்.